இரண்டு வழக்கறிஞர், ஒரு கிளார்க், ஒரு ஏஐ: யார் யாரைச் சரிபார்ப்பது?

கேள்வி (12 அக்டோபர் 2025)

நானும் ஒரு நண்பரும் சிங்கப்பூரில் சைனாடவுன் பக்கம் சின்னதாக ஆபீஸ் திறந்து ஐந்து மாதம் ஆகிறது. உதவிக்கு ஒரே ஓர் ஊழியர். வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர் தமிழர்கள்: வேலையிடக் காயம், விவாகரத்து, உயில், கைமாற்றுக் கடன். அஃபிடவிட்டின் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) முதல் வரைவை ஏஐ எழுதினால் தப்பா? கட்சிக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டுமா? பெரிய நிறுவனங்களில் இதைப் பார்க்கத் தனிப் பிரிவே இருக்கிறது. எங்களுக்கு யாரும் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

12 அக்டோபர் 2025, இரவு 10.40

பாராலீகல் வேலையில், அதாவது வழக்கறிஞருக்கு உதவியாளராக, 22 வருடம். எல்லாம் உங்களுடையது போன்ற ஆபீஸ்கள்தான், மூன்று வழக்கறிஞருக்கு மேல் நான் பார்த்ததில்லை. என் பதில்: தொடாதீங்க தம்பி. போன மாதக் கடைசியில் நம் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் ஏஐ இட்டுக்கட்டிய, இல்லாத தீர்ப்பைக் காட்டிவிட்டு, சொந்தப் பணத்திலிருந்து எதிர்த்தரப்புக்கு 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவுத்தொகை கட்ட வேண்டிவந்தது. 800 வெள்ளி பெரிய காசில்லை. தீர்ப்பில் பெயர் ஏறிவிட்டதே, அதை யார் அழிப்பது?

அப்புறம், ஏஐ பயன்படுத்தினால் நீதிமன்றத்திடம் முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். அந்தத் தலைவலி வேறு.

13 அக்டோபர் 2025, மதியம்

நேற்றுக் கடைசியில் எழுதியது தவறு. காலையில் சுற்றறிக்கையை எடுத்துத் திரும்பப் படித்தேன். உச்ச நீதிமன்றப் பதிவாளரின் 2024-ஆம் ஆண்டு முதலாம் எண் சுற்றறிக்கை, 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம், அரசு நீதிமன்றங்கள், குடும்ப நீதிமன்றங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடுகிறவருக்கும் அதே விதிதான். ஏஐ பயன்படுத்தத் தடையில்லை. நீதிமன்றம் கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காதவரை முன்கூட்டியே அறிவிக்கத் தேவையில்லை. ஆனால் தாக்கல் செய்யும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஏஐ சொன்னதைச் சரியா என்று அந்த ஏஐயிடமே கேட்டுவிட்டு, சரிபார்த்தேன் என்று சொல்ல முடியாது.

அஃபிடவிட் பற்றிக் கேட்டீர்களே, அதுவும் அதில் இருக்கிறது. முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். சாட்சியத்தை உருவாக்கவோ திருத்தவோ கூடாது. படிக்கும்போது இரண்டுக்கும் நடுவில் பெரிய சுவர் இருப்பதுபோலத் தெரியும். என் அனுபவத்தில் அங்கே இருப்பது மெல்லிய திரைச்சீலை. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

13 அக்டோபர் 2025, இரவு

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டேன், நானே ஒன்றரை வருடமாகத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். காலக்கோடு தயாரிக்க, நீளமான மின்னஞ்சல் தொடரைச் சுருக்க, பாஸ் எழுதிய கோபமான கடிதத்தைக் கொஞ்சம் ஆற வைக்க. இந்தக் கடைசி வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை.

16 அக்டோபர் 2025

800 வெள்ளி வழக்கு நம் ஊருக்குப் புதுசு. உலகத்துக்கு இது 2023-லேயே ஆரம்பித்துவிட்டது. அவியாங்கா விமானத்தில் பரிமாறும் தள்ளுவண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று ஒரு பயணி போட்ட வழக்கு. நியூயார்க்கில் அவருடைய வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை அப்படியே மனுவில் எழுதிவிட்டார்கள். ஆறு தீர்ப்பு, ஆறும் இல்லாதவை. 5,000 அமெரிக்க டாலர் அபராதம். அந்த ஆறில் ஒன்றின் பெயர் 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்'. பிறக்காத ஒரு மலையாளி, பறக்காத விமானத்துக்காக, நடக்காத வழக்கில் ஜெயித்திருக்கிறார்.

சிரித்துவிட்டேன், ஆனால் எனக்கும் வர்கீஸ் கிடைத்தார். போன வருடம் கடைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்த ஒருவருடைய வழக்குக்கு முன்தீர்ப்பு தேடியபோது ஏஐ மூன்று தந்தது. இரண்டு உண்மையானவை. மூன்றாவதின் எண்ணை நீதிமன்ற இணையதளத்தில் தட்டினேன். தீர்ப்பு வந்தது. அப்பாடா என்று மூடியிருப்பேன். டீ ஆறட்டும் என்று முதல் பக்கத்தைப் பார்த்தால் வணிகச் சின்னம் பற்றிய வழக்கு. எண் அசல், ஆண்டு அசல், உள்ளே இருப்பது வேறு ஆள். எண்ணைத் தேடி ஏதோ ஒன்று வந்துவிட்டது என்பதோடு நிறுத்தினால் போச்சு. திறந்து, நீங்கள் காட்டும் பத்தி வரை போய்ப் படிக்க வேண்டும்.

தீர்ப்பு அப்படி இல்லையே என்று திருப்பிக் கேட்டேன். 'மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி' என்று சொல்லிவிட்டு இன்னொரு தீர்ப்பு தந்தது. அதுவும் இல்லை. இவ்வளவு பணிவாகப் பொய் சொல்லும் ஆளை நான் எதிர்த்தரப்பில்கூடப் பார்த்ததில்லை.

19 அக்டோபர் 2025, தீபாவளிக்கு முதல் நாள்

முறுக்கு மாவு பிசைந்த கையோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போலித் தீர்ப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். தமிழில் கேட்டால் வரும் சிக்கலைப் பற்றி யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர் மகனோடு வந்தார். 2021-இல் நண்பருக்கு 18,000 வெள்ளி கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். திரும்பி வரவில்லை. அவர் எங்களிடம் வந்தது உயில் எழுத. கடன் பேச்சு போகிற போக்கில்தான் வந்தது. 'அது மூணு வருஷம் தாண்டிடுச்சும்மா, கேஸ் போட முடியாதாம்' என்றார். யார் சொன்னது? மகன் போனை நீட்டினார். தமிழில் கேட்டிருக்கிறார், தமிழில் பதில். அழகான பதில், ஒற்றுப்பிழைகூட இல்லை. கடனுக்குக் காலவரையறை மூன்று ஆண்டுகள் என்று 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டியிருந்தது.

அது இந்தியச் சட்டம். சிங்கப்பூரில் ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டு. பெரியவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உயில் எழுத வராமல் இருந்திருந்தால் 18,000 வெள்ளியை அந்தப் போனிலேயே புதைத்திருப்பார்.

இதில் கற்பனை ஒன்றுமில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சட்டம் இருக்கிறது, பிரிவு இருக்கிறது, காலக்கெடு சரி. நாடுதான் வேறு. தமிழில் எழுதப்பட்ட சட்ட விளக்கங்களில் பெரும்பங்கு இந்தியாவைப் பற்றியது. தமிழைப் பார்த்ததும் அது தமிழ்நாட்டுக்குப் போய்விடுகிறது. போலித் தீர்ப்பைத் தேடிப் பார்த்துப் பிடிக்கலாம். இதைத் தேடினால் 'இருக்கிறது' என்றுதான் வரும்.

21 அக்டோபர் 2025

நேற்று வீட்டுக்கு வந்த உறவினர்கள் மத்தியில் சோதனை செய்து பார்த்தேன். தீபாவளிக்கு வந்தவர்களிடம் வாரிசுச் சட்டம் பேசும் ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். 'அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் இருக்கிறோம், சொத்து யாருக்கு?' என்று தமிழில் கேட்டோம். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கச் சொன்னது. நால்வருக்கும் சம பங்கு என்றது. சித்தப்பா, 'தேக்காவில் தாசில்தார் எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறார்?' என்று கேட்டார்.

இங்கே முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1967-ஆம் ஆண்டு உயிலில்லா வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருந்தால் பாட்டிக்கு ஒன்றும் கிடையாது. இந்தியாவில் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாய்க்கும் பங்கு உண்டு. மசேநி (மத்திய சேமநிதி) பணத்துக்கு ஒருவர் பெயரைக் குறிப்பிட்டிருந்தால் அது இந்தக் கணக்கிலேயே வராது, அவருக்கு நேராகப் போகும். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டைக் கணவனும் மனைவியும் கூட்டாக வைத்திருந்தால் பெரும்பாலும் உயிரோடு இருப்பவருக்கே சேரும். இவை ஒன்றுகூட அந்தப் பதிலில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோன்றியது: அப்பாவுக்குத் தஞ்சாவூரில் ஒரு வீடு இருந்தால்? அந்த வீட்டுக்கு இந்தியச் சட்டம்தானே. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஏஐ சொன்னது கிட்டத்தட்டச் சரி. எங்கள் கட்சிக்காரர்களில் பலருக்கு ஊரில் ஒரு காலும் இங்கே ஒரு காலும். எந்தக் காலைப் பற்றிக் கேட்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும், அதைச் சொல்லத் தெரிய வேண்டுமென்றால் ஏற்கனவே கொஞ்சம் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

27 அக்டோபர் 2025

ஆங்கிலத்தில் கேட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குறையும், போகாது. போன வாரம் கோரிக்கை மனு ஒன்றை ஆங்கிலத்தில் வரையச் சொன்னேன், சிங்கப்பூர் என்று தெளிவாகச் சொல்லித்தான். தலைப்பில் 'ரிட் ஆஃப் சம்மன்ஸ்', உள்ளே 'பிளெயின்டிஃப்'. 2022 ஏப்ரல் 1 முதல் நம் புதிய நீதிமன்ற விதிகளில் வழக்கைத் தொடங்கும் ஆவணம் 'ஒரிஜினேட்டிங் கிளெய்ம்', வழக்குப் போடுகிறவர் 'கிளெய்மன்ட்'. பழைய விதிகள் பல்லாண்டு ஓடியவை, அவற்றைப் பற்றி எழுதியதுதான் எங்கும் கிடக்கிறது. 22 வருடப் பழக்கத்தில் எனக்கே கை 'பிளெயின்டிஃப்' என்றுதான் போகும். எங்கள் இருவருக்கும் ஒரே வியாதி.

4 நவம்பர் 2025

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

போன வருடத் தொடக்கம். கட்டுமானத் தளத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்ட ஒரு தம்பி. 14 பக்க மருத்துவ அறிக்கை. பாஸுக்கு மறுநாள் காலை சுருக்கம் வேண்டும். மணி ஒன்பது. என் சொந்தப் போனில் இலவசக் கணக்கு. 14 பக்கத்தையும் படம் பிடித்துப் போட்டேன். பெயர், வேலை அனுமதி எண், பிறந்த தேதி, பழைய நோய் விவரம் எல்லாம் அதில். சுருக்கம் இரண்டு நிமிடத்தில் வந்தது, நன்றாகவே வந்தது. வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் வயிறு கலங்கியது.

வழக்கறிஞர் தொழில்நடத்தை விதிகள் 2015-இல் ஆறாவது விதி, கட்சிக்காரரின் ரகசியம். நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் நான் செய்வதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பாஸ். அவருக்குத் தெரியாமலே அவரை மாட்டிவிட்டேன். மறுநாள் சொன்னேன். கத்தவில்லை. கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. பிறகு அந்தத் தம்பியை அழைத்து அவரே விஷயத்தைச் சொன்னார். தம்பி, 'பரவாயில்லைக்கா' என்றார். என்ன நடந்தது என்று அவருக்கு முழுதாகப் புரிந்துதான் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

5 நவம்பர் 2025

'பெயரை அழித்துவிட்டுப் போட்டால் போதாதா?' என்று ஒருவர் கேட்கிறார். போதும் என்றுதான் நானும் சில மாதம் நினைத்தேன். பெயருக்குப் பதில் 'அ' என்று போடுவேன். ஒருநாள் அப்படி எழுதியதைத் திரும்பப் படித்தேன்: ஜூரோங்கில் இன்ன தளம், இன்ன மாதம், சாரத்திலிருந்து விழுந்தவர், இடது கால், புதுக்கோட்டை. அந்தத் தங்கும் விடுதியில் யாரிடம் காட்டினாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். இப்போது ஊர், தளம், தேதி எதுவும் போவதில்லை. அவ்வளவையும் எடுத்துவிட்டால் சில வேலைகளுக்கு அது உதவவே உதவாது. அந்த வேலைகளைக் கையால் செய்கிறோம்.

சட்ட அமைச்சு செப்டம்பரில் ஒரு வரைவு வழிகாட்டியை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. தொழில் நெறி, ரகசியம், வெளிப்படைத்தன்மை மூன்றும்தான் அதன் தூண்கள். சின்ன ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்து படியுங்கள். கட்டணக் கணக்கு என்றால் எல்லாம் பத்திரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். எங்கே சேமிக்கிறார்கள், ஏஐக்குப் பயிற்சி கொடுக்க எடுக்கிறார்களா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். மற்றவர்களுக்கு ஒப்பந்தம் படித்துக் கொடுத்துக் காசு வாங்கும் நாம் நம்முடையதைப் படிக்காமல் 'சம்மதம்' அழுத்துகிறோம்.

15 நவம்பர் 2025

திரைச்சீலை என்று சொன்னேனே.

ஒரே தளத்தில் மூன்று ஊழியர்கள், ஒரே விபத்தைப் பார்த்தவர்கள். நான் எடுத்த குறிப்புகளைக் கொடுத்து மூன்று அஃபிடவிட்டுக்கு முதல் வரைவு வாங்கினேன். (பெயர், இடம் இல்லாமல்தான்.) மூன்றும் வழுவழுவென்று இருந்தன. மூன்றிலும் ஏழாவது பத்தியில், 'இச்சம்பவம் எனக்கு ஆழ்ந்த மன உளைச்சலை ஏற்படுத்தியது' என்ற பொருளில் ஒரே ஆங்கில வாக்கியம். மூன்று பேரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் சொன்னது, 'அன்னைக்கி ராத்திரி சோறு இறங்கலக்கா.' இன்னொருவர் சத்தம் கேட்டதைப் பற்றி மட்டுமே பேசினார். மூன்றாமவர் பக்கத்தில் நின்றதால் தன்மேல் பழி வருமோ என்றுதான் பயந்தார்.

குறுக்கு விசாரணையில் ஏழாவது பத்தியைக் காட்டி, 'இது உங்கள் வார்த்தையா?' என்று கேட்டால் அந்தத் தம்பி என்ன சொல்வார்? பொய் எதுவும் இல்லை, உளைச்சல் இருந்திருக்கும்தான். ஆனால் 'சோறு இறங்கல' என்பது சாட்சியம். அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது யார்? இயந்திரம் வைத்தது, நான் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். இப்போது குறிப்பெடுக்கும்போதே அவர்கள் சொன்ன வாக்கியத்தைத் தமிழிலேயே மேற்கோளாக எழுதிவைக்கிறேன். வரைவு எதுவாக இருந்தாலும் அந்த வாக்கியங்கள் அதில் இருக்கின்றனவா என்று ஒன்றொன்றாக டிக் போடுவேன்.

உங்கள் முதல் கேள்விக்கு என் இப்போதைய பதில்: காலக்கோடு, தலைப்பு, பத்தி எண் போன்றவற்றுக்கு ஏஐ சரி. ஆள் என்ன பார்த்தார், என்ன உணர்ந்தார் என்ற பகுதியை அதனிடம் கொடுக்காதீர்கள்.

2 டிசம்பர் 2025

மொழிபெயர்ப்பு. இதற்குத் தனி இழையே வேண்டும்.

இன்னோர் ஊழியர், கையில் காயம். மேற்பார்வையாளர் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்: 'நீ ரெஸ்ட் எடு, பாத்துக்கலாம்.' அதை நம்பி ஏழு மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டார். வேலையிடக் காய இழப்பீட்டுக்கு விபத்து நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை கொடுக்க வேண்டும். ஏஐயிடம் அந்த வரியைக் கொடுத்தேன். 'நாங்கள் கவனித்துக்கொள்வோம்' என்ற பொருளில் ஆங்கிலம் தந்தது. மேலோட்டமாகச் சரி. ஆனால் ஆங்கிலத்தில் அதைப் படிக்கும் யாருக்கும் நிறுவனம் பொறுப்பேற்றுக்கொண்டது போலத் தெரியும். எங்களுக்குச் சாதகம்! விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது, மறைப்பானேன்.

நமக்குத் தெரியும், 'பாத்துக்கலாம்' என்றால் என்னவும் ஆகலாம். செய்கிறேன், செய்யமாட்டேன், இப்போது பேசாதே, போய்த் தூங்கு. குரலைக் கேட்டால் அந்த மனிதர் கழற்றிவிடுகிறார் என்று தெரிகிறது. எழுத்தில் குரல் இல்லை. கடைசியில் தமிழ்ச் சொல்லை அப்படியே வைத்து, அதற்கு இரண்டு பொருள் உண்டு என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எழுதினார். பாஸுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் முழுதாகப் பிடித்தது என்று சொல்ல முடியாது, அது எங்கள் கட்சிக்காரரின் வழக்கைக் கொஞ்சம் மெலிதாக்கிவிட்டது.

9 டிசம்பர் 2025

காசு பற்றி. நான்கு மணி நேர வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தால் கட்சிக்காரரிடம் எத்தனை மணி நேரம் போடுவது? நாற்பது நிமிடம். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2024 ஜூலையில் தன் 512-ஆம் கருத்துரையில் இதைத்தான் சொன்னது. சரிபார்த்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது நியாயம். எங்கள் பாஸ் எளிய விவாகரத்துகளுக்கு எப்போதும் மொத்தத் தொகைதான் வாங்குவார், அதனால் இந்தப் பாவக் கணக்கு எங்களுக்குக் குறைவு.

10 டிசம்பர் 2025

மறந்துவிட்டேன். ஆபத்து ஆபீசுக்குள் இருந்து மட்டும் வருவதில்லை. 2025 ஜூனில் இங்கிலாந்தில் வந்த தீர்ப்பைப் பாருங்கள். ஒரு வழக்கில் காட்டிய 45 மேற்கோள்களில் 18 இல்லாதவை. ஆராய்ச்சி செய்தது கட்சிக்காரரே, ஏஐ உதவியோடு. வழக்கறிஞர் அதை நம்பி எடுத்துக்கொண்டார். நம் கட்சிக்காரர்களும் இப்போது காகிதக் கட்டோடுதான் வருகிறார்கள், 'எல்லாம் ரெடியா இருக்கு, நீங்க சைன் மட்டும் போடுங்க.' திருப்பிக் கொடுத்தால் கோபம் வருகிறது. நான் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன்.

11 ஜனவரி 2026

எங்கள் ஆபீசில் இப்போது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம், நிஜமான காகித நோட்டு. ஏஐயை எந்தக் கோப்புக்கு, எதற்குப் பயன்படுத்தினோம், மூலத்தைத் திறந்து படித்தது யார் என்று எழுதிக் கையெழுத்து. இரவு எட்டுக்கு மேல் சரிபார்த்தால் செல்லாது, காலையில் இன்னொரு முறை. அந்த விதியை என்னை மனதில் வைத்துத்தான் பாஸ் போட்டார். கட்சிக்காரருக்கு முதல் சந்திப்பிலேயே, தமிழர் என்றால் தமிழில், வாயால் சொல்கிறோம். நீதிமன்றம் கேட்காவிட்டாலும். வேண்டாம் என்று இதுவரை இரண்டு பேர் சொன்னார்கள். சரி என்று கையால் செய்தோம்.

18,000 வெள்ளிப் பெரியவருக்காக, கடன் வாங்கிய நண்பருக்கு நவம்பரில் கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம். முந்தாநாள் அந்த நண்பர் வாட்ஸ்அப்பில் பெரியவருக்கே பதில் போட்டிருக்கிறார்: 'அண்ணே, நம்ம கணக்கு தானே, பாத்துக்கலாம்.'

கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் ஆறு ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும். 'நம்ம கணக்கு' ஒப்புதலா, 'பாத்துக்கலாம்' மறுப்பா என்று பாஸும் நானும் நேற்று மாலை ஐந்து மணியிலிருந்து வாதாடுகிறோம். ஏஐயிடம் இன்னும் கேட்கவில்லை.